சோளகத்துக்கு இராகுகாலம் கிடையாது

நாள் கலண்டரின் ஒரு தாளுக்குள் எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று நின்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நடுவில் பெரிய திகதி. மேலே தமிழ் வருடம், மாதம். கீழே திதி, நட்சத்திரம், யோகம், இராகுகாலம், எமகண்டம், சுபநேரம், சூலம் எந்தத் திசையில், சந்திராஷ்டமம் யாருக்கு. அடியில் நகைக்கடையின் தொலைபேசி இலக்கம். கிழித்துத் திருப்பினால் ஒரு பொன்மொழி, இல்லையென்றால் பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன். இன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளின் குணத்தைத் தீர்மானிப்பதே அதுதான்.

ஆகவே அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு வரி. காற்று எந்தப் பக்கம், கிணற்றில் எத்தனையாவது வரிசைக் கல் தெரிகிறது, வளவில் எது காய்த்தது எது உதிர்ந்தது, திருநெல்வேலிச் சந்தையில் எது மலிந்தது. ஊரில் அன்றைக்கு ஏதாவது விரதமோ விசேஷமோ இருந்தால் அதுவும். பஞ்சாங்கத்துக்குப் போட்டியாக அல்ல. அது வானத்தைப் பார்த்துக்கொள்கிறது, நான் வளவைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி எழுதப் போனபோது முதலில் தெரிந்தது, எங்கள் வருடத்துக்கு உண்மையில் இரண்டே இரண்டு பக்கங்கள்தான் என்பது. ஒன்று சோளகம், மற்றது வாடை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து பிடிக்கும் சோளகம் ஆவணி, புரட்டாசி வரை விடாது. அதே காற்றுத்தான் தெற்கில் பெருமழை கொடுப்பது. அங்கேயும் மலைநாட்டிலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு வரும். புழுதியும் சருகும் காவோலைச் சத்தமும்தான் எங்கள் பங்கு. பண்ணை வீதியால் வேலணைப் பக்கம் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போகும்போது இருக்கையைவிட்டு எழும்பி நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது, இரண்டு பக்கமும் கடல் வேறு. திரும்பி வரும்போது மிதிக்கவே தேவையில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சொன்னவர் கட்டாயம் அந்த வீதியால் போயிருக்க வேண்டும்.

வாடை அதற்கு எதிர். ஐப்பசி தொடங்கி வடகிழக்கால் வரும். எங்கள் மழை எல்லாம் அதன் கையில். வருடம் முழுக்க இங்கே பெய்வது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள் வந்துவிடும். சித்திரையில் இடியோடு வரும் சிறுமாரி ஒன்று உண்டு, முற்றத்துப் புழுதி அடங்கும் அளவுக்கு. மற்றப்படி ஒன்பது மாதம் அந்த மூன்று மாத மழையை வைத்துத்தான் சீவியம். ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். மிச்சமெல்லாம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் போய்த் தங்கும். கடல்நீர் கனம் கூடியது, நன்னீர் கனம் குறைந்தது. அதனால் மழைநீர் அடியில் இருக்கிற உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணறு அடிகாண முடியாதது என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்துவார்கள். அதிசயம் அதன் ஆழம் இல்லை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு, இரண்டும் ஒரே கிணற்றில் என்பதுதான் அதிசயம்.

சரி, பஞ்சாங்கம் மழையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லையா என்றால், சொல்கிறது. முன்பக்கங்களில் நவநாயகர் பலன் என்று ஒரு பகுதி வரும். இந்த வருடத்துக்கு ராஜா இன்னார், மந்திரி இன்னார், மேகாதிபதி இன்னார் என்று. வருடம் பிறக்கும் கிழமைக்குரிய கிரகம் ராஜா. மற்றவர்களும் இப்படிச் சூரியன் ஓரிடத்துக்குள் புகும் கிழமையை வைத்தே பதவிக்கு வருகிறார்கள். மேகாதிபதி சுக்கிரன் என்றால் நல்ல மழை, சனி என்றால் குறைவு. மழையின் அளவை மரக்கால் கணக்கில் சொல்வதும் உண்டு. செவ்வாய்க்கிழமைக்கும் முகிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் இரண்டு கிழமை, ஏறத்தாழ டிசம்பர் 28 முதல் ஜனவரி 10 வரை, முகில் கருக்கட்டும் காலம். அந்த நாட்களில் முகில், மின்னல், தூறல், காற்று எப்படி என்று பார்த்து வைத்தால் வரப்போகும் மழையைச் சொல்லலாம் என்பது கணக்கு. வட இந்தியச் சோதிடர் வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதியிருக்கிறார். தரித்த கரு 195 நாளில் மழையாகப் பிறக்கும் என்கிறார். கூட்டிப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்திலிருந்து 195 நாள் என்றால் ஜூலை நடுப்பகுதி. வட இந்தியாவில் மழை கொட்டும் நேரம். யாழ்ப்பாணத்திலோ வருடத்தின் மிகக் காய்ந்த நாட்கள். கணக்கில் பிழையில்லை, கணக்குப் போட்ட ஊர்தான் வேறு. அங்கே பார்த்து எழுதிய நல்ல அவதானிப்பு ஒன்று ஏடு ஏடாகக் கீழே இறங்கி, சோளகம் அடிக்கிற ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வளவில் வெங்காயம் செய்கிற ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன், "பஞ்சாங்கத்திலை இந்த முறை நல்ல மழை எண்டு கிடக்கே ஐயா?"

"அது புத்தகத்துக்குள்ளை பெய்யிற மழை தம்பி. வாடை திரும்பட்டும், பிறகு கதைப்பம்."

ஆனால் அதே ஐயா பாத்தி கட்ட நாள் பார்க்காமல் மண்வெட்டியைத் தொடமாட்டார். முரண் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. யோசித்துப் பார்த்தால் முரணும் இல்லைத்தான். நல்ல நாள் மனிதருக்கு, காற்று பயிருக்கு.

பஞ்சாங்கத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வானக் கணக்கில் அதன் கெட்டித்தனம் பெரிது. யாழ்ப்பாணத்தில் 1667இலேயே அராலி இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தார் என்பார்கள். இன்றைக்கு எங்களிடம் இரண்டு இருக்கின்றன, வாக்கியம், திருக்கணிதம். வாக்கியம் என்பது சந்திரன் நிற்கும் இடத்தை மனப்பாடமாகச் சொல்ல வைத்திருக்கும் 248 சிறு வாக்கியங்களில் நிற்கிற முறை. 248 நாளில் சந்திரனின் வேக ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒன்பது சுற்று முடித்துவிடும், அதனால் அந்தத் தொகை. திருக்கணிதம் கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகத் திருத்திய கணக்கு. 1825இல் புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற அதிகாரி ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் கையில் தாளும் இல்லை பேனாவும் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடத்திலிருந்தே வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கிய நேரத்தில் பிசகு 4 நிமிடம் மட்டுமே. முடிவு நேரம்தான் முக்கால் மணிக்கு மேல் தவறியது. தரையில் கிடந்த சோழிகளுக்கு அது மோசமே இல்லை.

இரண்டு பஞ்சாங்கம் இருப்பதன் தொல்லை சித்திரையில் தெரியும். வருடப் பிறப்பு நேரம் இரண்டிலும் ஒன்றாக வராது. ஒரே ஒழுங்கையில் இந்த வீடு மருத்துநீர் வைத்துத் தோய்ந்துவிட்டு நிற்கும், அடுத்த வீட்டில் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொங்கல் பானையைத் தொடாமல் இருப்பார்கள். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை, உடுப்பு என்ன நிறம் என்பதையும் பஞ்சாங்கமே சொல்லும். நேரமும் வருடத்துக்கு வருடம் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். 2022இல் காலையில் பிறந்த வருடம் 2023இல் பிற்பகலில் பிறந்தது, 2024இல் 13ஆம் திகதி இரவு பிறந்தது. கைவிசேஷம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்குக் காலையில் பிறக்கும் வருடம்தான் இலாபம்.

இந்த இடத்தில் பஞ்சாங்கத்தில் இல்லாத ஒன்று என் கொப்பியில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. வடக்கு நோக்கி நகரும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும் நாள் ஏப்ரல் 14 அல்லது 15. அதாவது சித்திரை முதல் நாளை ஒட்டி! கொழும்பில் அது ஒரு கிழமை முந்தியே முடிந்துவிடும், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில்தான். வருடம் பிறக்கும் நாளில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது இந்த அகலாங்கில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வாய்த்தது.

நேரம் மதியம் 12.10. நாட்டின் கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்குக்கு ஓடுகிறது. நாங்கள் 80இல் இருப்பதால் பத்து நிமிடம் பிந்தி எங்கள் உச்சிப்பொழுது. அந்த நேரம் கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள். மற்ற நாட்களில் வெயில் கிணற்றுக்குள் சரிவாக விழுந்து ஒரு பக்கச் சுவரோடு நின்றுவிடும், கீழே தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும். அன்றைக்கு வெயில் நேரே இறங்கும். கல்லிடுக்கில் முளைத்த பன்னச் செடியின் ஒவ்வொரு இலையும், தண்ணீருக்குக் கீழே பாசி பிடித்த கற்களும், எப்போதோ விழுந்து தேடாமல் விட்ட வாளி ஒன்றின் விளிம்பும் தெரியும். கிணற்றுக் கட்டின் மேல் வைத்த வெறும் வாளியின் நிழல் வாளிக்குள்ளேயே கிடக்கும், வெளியில் ஒரு விரற்கடைகூட நீளாது. ஐந்து நிமிடம்தான், பிறகு சரியத் தொடங்கிவிடும். வீட்டுக்காரர் எல்லோரும் அந்த நேரம் பலகாரத்தோடு உள்ளே இருப்பார்கள்.

இந்தப் பொருத்தம் நிலையானதும் இல்லை. பஞ்சாங்கத்து வருடம் பருவத்து வருடத்தைவிடச் சற்று நீளம். அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் சித்திரைப் பிறப்பு தள்ளிக்கொண்டே போகிறது. அராலி முனிவர் காலத்தில் அது ஐந்தாறு நாள் முந்தியே வந்திருக்கும். நாங்கள் வாழ்கிற இந்த நூற்றாண்டில்தான் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. தெற்கே திரும்பும் வழியில் ஓகஸ்ட் 28 வாக்கில் சூரியன் இன்னொரு முறை உச்சிக்கு வரும். அது பெரும்பாலும் நல்லூர்த் திருவிழா நடக்கிற காலம். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கிற விழா என்பதால் திகதி வருடத்துக்கு வருடம் மாறும். மணலில் வெறுங்காலோடு அங்கப்பிரதட்சணத்துக்குப் பின்னால் நடக்கிறவர்களுக்கு உச்சிச் சூரியனைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

12.10 என்றேனே, அதிலும் ஒரு கதை இருக்கிறது. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில், வருடப்பிறப்போடுதான் வந்துசேர்ந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாண வீட்டுக்குப் போக முடியாத பத்து வருடம் அது. முகூர்த்தம் பழைய நேரத்தில், பஸ் புது நேரத்தில். சூரியனுக்கு இது எதுவும் தெரியாது என்பதால் அந்தக் காலத்தில் உச்சிப்பொழுது 12.40க்கு வந்துகொண்டிருந்தது.

இன்னும் பின்னால் போனால் கிழமையையே மாற்றிப் பார்த்த காலமும் உண்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. அதற்குப் பதில் சந்திரனின் நான்கு கால் பங்குகளுக்கும் போயா என்ற பௌத்த விடுமுறை, அதற்கு முதல்நாள் அரைநாள். சந்திரனின் ஒரு கால் பங்கு 7.4 நாள் அளவு வரும், ஏழாகச் சரியாக வகுபடாது. அதனால் சில வாரம் எட்டு நாள் நீண்டது. அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் திட்டுவார்கள். என்னைக் கேட்டால் அரசாங்கம் முழு நாட்டையும் பஞ்சாங்கத்தின்படி நடத்திப் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். பூரணை விடுமுறை மட்டும் அதிலிருந்து தப்பி நிற்கிறது.

விசேஷ நாட்களில் எனக்குப் பிடித்தவை சின்னவைதான். ஆடி அமாவாசைக்கு முதல்நாள் சந்தையில் காத்தோட்டிக்காய் வரும். வேலியோரத்து முள்ளுக்கொடியில் வருடம் முழுக்கக் கிடக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத கசப்புக்காய். தகப்பனை இழந்தவர்கள் விரதச் சமையலுக்கு அது வேண்டும் என்பதால் அந்த ஒருநாள் மட்டும் குவியல் போட்டு விலை சொல்வார்கள். அடுத்தநாள் அதே காய் சந்தைக்குப்பையில் கிடக்கும். புரட்டாசிச் சனியில் இதே கிராக்கி காகத்துக்கு. எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையில் சோறு வைத்துக் கூப்பிட்டால் அது எத்தனை வீட்டுக்குத்தான் போகும்? மதியத்துக்குப் பிறகு வயிறு நிரம்பி மதிலில் இருந்து பார்க்கும், அசையாது. வீட்டுக்காரர் பசியோடு முற்றத்தில் நிற்பார். கார்த்திகை விளக்கீட்டின் கதை வேறு. படலையில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைக்கிற நாள் வாடை மழையின் நடுவில் வருகிறது. கோயிலில் நனைந்த ஓலையில் சொக்கப்பனை பிடிக்க வைப்பது ஒரு தனிக் கலை.

காலையில் வானொலி வேறு தினம் ஒரு உலக நாள் சொல்லும். மே 2 உலக சூரை மீன் நாள், செப்டெம்பர் 2 உலக தென்னை நாள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை வைத்ததைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. வளவுக்கு ஒரு கிணறும் ஒரு மலக்குழியும், நடுவில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல்லும் இருக்கிற ஊர் இது. நிலத்தடி நீர் மளமளவென்று மேலே ஏறுவது சரியாக அந்த நாட்களில்தான். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர்கள் வருவதும் அப்போதுதான். உலக நாட்களுக்குள் யாழ்ப்பாணத்துக்கென்றே வைத்ததுபோல ஒன்று இருந்தால் அது இதுதான்.

கலண்டரில் அச்சடிக்காத நாட்களும் உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் 30இல் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தது. அன்றைக்கு மழை. ஐப்பசி மழைக்கு எங்கள் கொப்பியில் எழுத வேண்டியது கிணற்றுக் கல்லின் கணக்கு மட்டும்தான் என்றால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதிக்கு நான் மழையை மட்டும் எழுதுகிறேன்.

புயலுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியது நாள்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி. 2008இல் வந்த நிஷா வங்காளதேசம் கொடுத்த பெயர், 2020இல் வந்த புரேவி மாலைதீவு கொடுத்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததற்குப் பெயரே இல்லை. பெரியவர்கள் "அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்" என்பதோடு சரி. மழை விட்டதும் தை வரும், பட்டக்காலம். காற்றில் ஒலிக்கும் விண் பூட்டிய கொக்குப்பட்டம் இரவு முழுக்க வாடையில் நின்று கூவும். சத்தம் தாழ்ந்தால் காற்று விழுகிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடலாம். வானிலை நிலையத்துக்குப் போகவேண்டிய தேவை இல்லை.

கடைசியாக ஒரு கிரகணக் கணக்கு. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, கங்கண சூரிய கிரகணம் குடாநாட்டின் மேலால் போனது. வளையம் ஏறத்தாழ பத்து நிமிடம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலையில் இன்னொன்று, இந்த முறை மூன்று நிமிடம் வரை. ஒரே இடத்துக்குப் பத்து வருடத்துக்குள் இரண்டு கங்கணம் வருவது மிக அரிது. வீடுகளில் உலக்கையைத் தாம்பாளத்துத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தவர்களும், கறுத்தக் கண்ணாடியோடு மொட்டைமாடியில் நின்றவர்களும் பாதிக்குப் பாதி. இரண்டுமே வாடைக்காலத்து நாட்கள், முகில் எப்போது மறைக்கும் என்று சொல்ல முடியாத நாட்கள். அடுத்ததன் பாதையும் எங்கள் பக்கமாகவே வருகிறது: 2031 மே 21, மதியம் திரும்பிய பிறகு. பஞ்சாங்கம் நேரத்தை நிமிடக் கணக்கில் போட்டுத் தரும். என் கொப்பி சொல்வது, அது வைகாசி, சோளகம் பிடித்திருக்கும், மழைமுகிலுக்கு வாய்ப்புக் குறைவு. வெளிநாட்டில் இருப்பவர்கள் டிக்கெட்டை அதற்குத் தோதாகப் போடலாம். கறுத்தக் கொழும்பானும் பழுத்திருக்கும்.